எண்ணெயில் போன கிழமை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. ஜவ்வாது மலைமேல் இருக்கும் அந்த உண்டு உறைவிடப் பள்ளியில் நான் சேர்ந்த அன்று தலைமையாசிரியர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே, "இங்க கொஞ்சம் பொறுமை வேணும் டீச்சர்" என்பதுதான். திருப்பத்தூரிலிருந்து ஷேர் ஜீப்பில், யாரோ ஒருவருடைய கோழியை மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தேன். என்னிடமிருந்த பொறுமையைக் கோழியே தின்று தீர்த்திருந்தது.

என் வேலை இதுதான். நாலாவது, அஞ்சாவது வந்த பிறகும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துப் படிக்கப் பழக்க வேண்டும். ஒப்பந்த வேலை. அதற்கென்று ஒதுக்கியிருந்த வகுப்பறை, சத்துணவுச் சாமான் வைக்கிற அறை. ஒரு பக்கம் அரிசி மூட்டை, ஒரு பக்கம் முட்டை அட்டை, நடுவில் நானும் பிள்ளைகளும். முட்டை உடையாமல் கோபப்படுவது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முதல் நாள் "புத்தகத்தை எடுத்துப் படிங்க" என்றேன். படித்தார்கள். கணீரென்று, ஒருவர் பின் ஒருவராக, மூச்சு விடாமல் படித்தார்கள். இவ்வளவு நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு என்னை எதற்காக மலையேற்றினார்கள் என்று எனக்கே சங்கடமாக இருந்தது. அப்போது ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. படித்துக்கொண்டிருந்த பையனின் புத்தகத்தில் பக்கங்கள் தானாகப் புரண்டு வேறு பாடத்துக்குப் போய்விட்டன. அவன் பாட்டுக்குப் பழைய பாடத்தையே படித்துக்கொண்டிருந்தான். கடைசி வரி வரைக்கும் ஒரு பிழை இல்லை.

விஷயம் இதுதான். ஒரே அறையில் எல்லா வகுப்பும் உட்காருகிற பள்ளி அது. பெரிய பிள்ளைகள் சத்தம் போட்டுப் படிப்பதைச் சின்னப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பாடம் மூன்றாம் வகுப்பிலேயே அவர்களுக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்பதும் தெரியும். படத்தைப் பார்த்தால் போதும், வாய் தானாக ஓடும். எழுத்து என்பது படத்துக்குக் கீழே ஓரமாகக் கிடக்கிற ஒன்று, அவ்வளவுதான். "அடப்பாவிகளா!" என்று நான் போட்ட சத்தத்தில் சத்துணவு ஆயா ஓடிவந்து முதலில் முட்டையைத்தான் பார்த்தார்.

இந்தக் கூட்டத்தில் வாயே திறக்காமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அஞ்சாவது. இடுப்பில் எப்போதும் தம்பி. நடக்கப் பழகாத கைக்குழந்தை. அம்மா காட்டுக்குப் போனதும் இவள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கு வருவாள், ஹாஸ்டலில் தங்குகிறவள் இல்லை. பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். புத்தகத்தைக் கொடுத்தால் அதையும் தரையைப் பார்ப்பது போலவே பார்ப்பாள். சரியான கல்லுளிமங்கி என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வருஷா வருஷம் அப்பா அம்மாவோடு குடகுக்குக் காப்பிக் கொட்டை பறிக்கப் போய்விடுகிறவள் அவள். மற்றவர்கள் பாடத்தைக் காதால் பிடித்த மாதங்களில் இவள் ஊரிலேயே இல்லை. மனப்பாடம் என்கிற வியாதி அந்த வகுப்பில் இவளுக்கு மட்டும்தான் தொற்றவில்லை. பார்க்கப்போனால் என் வேலைக்கு லாயக்கான ஒரே ஆள் அவள்தான்.

அவளுடைய அப்பா ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். சாமை விதைத்த கையோடு வந்திருந்தார், காலில் செம்மண் காயவில்லை. அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் இன்னும் கோபம் வரும், ஏனென்றால் சண்டை பிடிக்கவே முடியாது.

"தை மாசம் திருவிழா முடிஞ்சதும் நாங்க குடகுக்குப் போறோம் டீச்சர். பொண்ண இட்டுனு போய்டுவோம். இந்த வாட்டி திருப்பி அனுப்புறதா இல்ல. அங்கியே புள்ளய பாத்துக்கினு இருக்கட்டும். சொல்லாம போனா மருவாதி இல்லன்னு சொல்ல வந்தேன்."

"ஏங்க, படிக்கிற பொண்ணு!"

"படிக்கிதா?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"பெரியவனும் இங்கதான் படிச்சான். புஸ்தகத்த புடிச்சான்னா நிறுத்த மாட்டான். போன வருசம் தோட்டத்துக்கு ஆள் இட்டுனு போற மேஸ்திரி கிருஷ்ணகிரிக்கு வரச் சொல்லியிருந்தாரு, அங்கேர்ந்து வேன். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுல எப்பவும் நாலு பேர கேட்டுதான் ஏறுவேன். அன்னிக்கி யாரையும் கேக்கல. படிச்ச புள்ள கூட கீறான், நான் எதுக்கு கண்டவன் வாயப் பாக்கணும்? கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தாரு. புள்ள போர்ட பாத்துட்டு 'இதாம்பா'ன்னான். ஏறிட்டோம். கூட்டம். கண்டக்டர் எங்ககிட்ட வந்து டிக்கெட் கேக்கறதுக்குள்ள பஸ்ஸு எங்கியோ போய்ட்டுது. அது திருவண்ணாமல பஸ்ஸு. மூட்டை முடிச்சோட நடு ரோட்டுல எறக்கி வுட்டாங்க. வேனு போய்ட்டுது."

"பையன் என்ன சொன்னான்?"

"போர்டுல இன்னா போட்டுக்குதுன்னு தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சாம்."

அடிக்கவில்லையாம், திட்டவும் இல்லையாம். பையன்தான் தாங்காமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். இதைச் சொல்லிவிட்டு அவர் அரிசி மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். "திருவிழாவுக்குள்ள உங்க பொண்ணு படிப்பா. படிக்கலைன்னா கூட்டிட்டுப் போங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். படிச்சா இங்கயே ஹாஸ்டல்ல விடணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "சரிங்க. ஆனா புஸ்தகம் வேணாம். ஸ்கூலுப் பொருள் எதுவும் வேணாம். நீங்களும் கேக்கக் கூடாது. வெளியாளு யாராவது, அவ பார்க்காத ஒண்ண குடுத்துப் படிக்கச் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்" என்றார். பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத மனிதர். கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் இவரிடம் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு அந்தப் பெண் முதல் தடவையாக என்னிடம் வாயைத் திறந்தாள். "எனக்கு அங்க போவ வேணாம் டீச்சர்."

"ஏன்?"

"எல்லாரும் காலைலியே தோட்டத்துக்குப் போய்டுவாங்க. ரூம்ல நானும் பாப்பாவும்தான். பாப்பாக்குப் பேசத் தெரியாது."

இவ்வளவு பேசுகிறவளைத்தான் நான் கல்லுளிமங்கி என்று நினைத்திருந்தேன்.

அன்றோடு பாடப் புத்தகத்தைப் பரணில் போட்டேன். யாருக்கும் மனப்பாடம் ஆகாத எழுத்து வேண்டும், தினம் புதிதாக வேண்டும். அதற்கு ஆள் கிடைத்தார். அடிவாரத்திலிருந்து ஜீப் ஓட்டிவருகிற பாய். வாணியம்பாடிக்காரர், எந்த ஊரில் எந்தக் கடைக்காரரும் அவருக்குப் பழக்கம். "பாய், எழுத்து இருக்கிற குப்பை எதுவானாலும் கொண்டாங்க" என்றேன். "குப்பை கேட்ட மொதல் டீச்சர் நீங்கதாம்மா" என்றார். கொண்டுவந்தார். உப்புப் பாக்கெட், பல்பொடிப் பாக்கெட், விதைப் பை, உரச் சாக்கு, கிழிந்த சுவரொட்டி. அதெல்லாம் தீர்ந்தபோது கல்யாணப் பத்திரிகை. அடிவாரத்தில் அந்த வருஷம் யார் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்பது என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அத்துப்படி.

அவள் முதலில் படித்த சொல் உப்பு. எழுத்து எழுத்தாகத் தடவி, "உ... ப்... பு" என்றாள். சொல்லிவிட்டுப் பாக்கெட்டை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். சரிதானா என்று சோதிக்கிறாளாம். அதுவே பழக்கமாகிவிட்டது. எதைக் கொடுத்தாலும் ஒரு மோப்பம். மிளகாய்த்தூள் பாக்கெட்டை மோந்துவிட்டு வகுப்பு முடிகிற வரைக்கும் தும்மினாள். "மூக்கால படிக்காதடி, கண்ணால படி!" என்று நான் கத்தாத நாள் இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் மஞ்சள் வாசனை மட்டும்தான் வரும், மாப்பிள்ளை பெயர் மூக்குக்குத் தெரியாது.

அடுத்த தொல்லை ஊகம். முதல் எழுத்தைப் பார்ப்பாள், மிச்சத்தைச் சொந்தமாகச் சேர்த்துக்கொள்வாள். 'ப' என்று இருந்தால் பருப்பு. அது பல்பொடியாக இருக்கும், பட்டாணியாக இருக்கும், பத்திரிகையில் மணப்பெண்ணின் அப்பா பெயராகக்கூட இருக்கும். இவளுக்குப் பருப்புதான். எல்லாப் பிள்ளைகளும் இதைச் செய்தார்கள். சும்மா இருந்தால் அடி விழும், எதையாவது சொன்னால் தப்பிக்கலாம் என்று யாரோ எப்போதோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று முட்டை அட்டையே சாய்ந்தது.

"அள்ளி விடாதீங்கடா! தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. என் வகுப்புல தெரியலைன்னு சொன்னா திட்டும் கிடையாது, அடியும் கிடையாது. தெரியாம தெரிஞ்ச மாதிரி சொன்னாத்தான் தோலை உரிப்பேன்!"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சொன்னது நிஜமா என்று அவள்தான் சோதித்துப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்க எதைக் கொடுத்தாலும் "தெரியல" என்றாள். உப்பைக் காட்டினேன். "தெரியல." அவள் பெயரையே எழுதிக் காட்டினேன். "தெரியல." நான் பல்லைக் கடித்துக்கொண்டு "சரி" என்றேன். திட்டவில்லை. வாரக் கடைசியில் அவளுக்கே சலித்துப்போய், "டீச்சர், அது தெரியும்" என்று படிக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு வாரத்தில் எனக்கு எத்தனை முடி நரைத்தது என்பதைத் தலைமையாசிரியர் அறிவார்.

சாமை அறுப்புக்குள் அவள் தட்டுத் தடுமாறிப் படித்தாள். தெரிந்த எழுத்தில் நடப்பாள், தெரியாத இடத்தில் நின்று "தெரியல" என்பாள், நான் சொல்லிக் கொடுத்ததும் மேலே போவாள். இடுப்பில் தம்பி அவள் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். இனி வெளியாள் ஒருவர் வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் வழி இருந்தது. எங்கள் வாசிப்பு வகுப்பைப் பார்வையிட அதிகாரி ஒருவர் தை மாதம் வருவார். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அவரையே கேட்கச் சொல்வது என்று முடிவாயிற்று. பெண்ணின் அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

அதிகாரி வருகிற தேதி வந்தது. அவர் வந்தார். பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. அவளும் வரவில்லை.

எனக்கு உடனே புரியவில்லை. மதியச் சாப்பாடு பரிமாறும்போது ஆயாதான் சொன்னார். "ஓடைக்கு அந்தாண்ட ஊர்ல நேத்து காப்பு கட்டிட்டாங்க டீச்சர்." காப்பு கட்டினால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரர்கள் எல்லை தாண்டக் கூடாது. வெளியாள் உள்ளே போகலாம். போனால் அவரும் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் வெளியே வரக் கூடாது. ஆள் மட்டுமில்லை, உள்ளே போன பொருளும் அப்படியே. இந்த மலையில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதிகாரி வரும் தேதியைத் தாளில் எழுதிப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்த எனக்குத்தான் அது தோன்றவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனிதரிடம் தேதியைத் தாளில் எழுதிக் கொடுத்த வாசிப்பு டீச்சர் என்று என்னை இன்றைக்கும் ஆயா சொல்லிச் சிரிப்பார்.

காப்பு அவிழ்த்த மறுநாள் விடியலில் குடும்பமே பஸ் ஏறுகிறது. அதிகாரி இனி அடுத்த வருஷம்தான். நான் அவர் முன்னால் போய் நின்றேன். "சார், ஒரு பொண்ணு இருக்கா. இன்னைக்கு நீங்க கேட்கலைன்னா அவ படிப்பு இன்னையோட சரி. ஓடை வரைக்கும் வாங்க."

"ரிப்போர்ட்டுல ஆப்சென்ட் போட்டுக்கலாமே மேடம்" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் வந்தார். பாய் ஜீப்பை எடுத்தார். வழியில் டீக்கடையைக் கண்டதும் அதிகாரி "ஒரு நிமிஷம்" என்று இறங்கி, செய்தித்தாளில் சுற்றிய போண்டாவோடு வந்து உட்கார்ந்தார். மதியம் பள்ளியில் போட்ட முட்டை அவருக்குப் பிடிக்கவில்லையாம்.

ஓடையில் முழங்கால் தண்ணீர்தான். அந்தக் கரையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. பாய் ஹாரன் அடித்ததும் மொத்த ஊரும் கரைக்கு வந்துவிட்டது. முன்னால் மஞ்சள் துண்டோடு ஊர் நாட்டார். நாட்டார் என்றால் ஊர்த் தலைவர், அங்கே அவர் சொன்னதுதான் சட்டம். அவருக்குப் பக்கத்தில் பெண்ணின் அப்பா. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தம்பியோடு, அவள்.

இந்தக் கரையிலிருந்து நான் கத்தி விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன, நான் உள்ளேயே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்று அதிகாரி பேண்ட்டைச் சுருட்டினார்.

"வாங்க சார், தாராளமா வாங்க!" என்றார் நாட்டார். "காப்பு அவுக்கிற வரைக்கும் இருந்து சாப்ட்டு போவலாம். கெடா வெட்டுறோம்."

அதிகாரி ஒரு காலைத் தண்ணீரில் வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டார். அடுத்த நாள் அவருக்கு ஆய்வுக் கூட்டமாம்.

அவரிடம் வாசிப்பு அட்டை இருந்தது. "இதைக் கொடுத்து அனுப்பறேன்" என்றார். அது ஸ்கூல் பொருள், ஆகாது என்றார் பெண்ணின் அப்பா. உள்ளே வந்தால் திரும்பி வராது என்றார் நாட்டார். ஆபீஸ் அட்டை, கணக்குக் காட்ட வேண்டும் என்று அதிகாரி அதை மார்போடு அணைத்துக்கொண்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே பூசாரிகளே மூன்று பேர். அந்தக் கரையில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அதிகாரியின் கையைப் பார்த்தேன். போண்டாவைப் பிடுங்கி பாயிடம் கொடுத்தேன். அந்தக் காகிதத்தை ஒரு கல்லில் சுற்றி, தாவணியில் கபடி ஆடிய காலத்துப் பலத்தையெல்லாம் சேர்த்து அந்தக் கரைக்கு வீசினேன். அது நாட்டாரின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் துள்ளினார்.

"இது சார் தின்ன பேப்பரு! யாரும் படிக்கல! திருப்பியும் வேணாம்!" என்று கத்தினேன்.

பெண்ணின் அப்பா காகிதத்தைப் பிரித்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அவளிடம் கொடுத்தார். அவள் தம்பியை அம்மாவிடம் கொடுத்தாள். காகிதத்தை வாங்கினாள். நேராக மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"மூக்கை எடுடி!"

எடுத்தாள். அவள் ஆரம்பித்தாள்.

"உட்...கார... முடிய...வில்லையா?"

ஊரே நிமிர்ந்து பார்த்தது.

"மூலம்... உள்...மூலம்... வெளி...மூலம்... பவுத்...திரம்... கத்தி...யின்றி... ரத்த...மின்றி..."

அதிகாரி ஆகாயத்தைப் பார்த்தார். பாய் போண்டாவை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிராமத்துப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் எதையும் கவனிக்கவில்லை. விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் பயந்தது இதுவரைக்கும் நடக்கவில்லை. பருப்பு வரவில்லை.

"எங்க கண்ணு அந்த வைத்தியரு?" என்றது ஒரு குரல். நாட்டார்தான். குரல் நன்றாகத் தணிந்திருந்தது. அவர் வந்ததிலிருந்து கரைப் பாறையில்கூட உட்காராமல் நின்றுகொண்டே இருந்ததை நான் பக்தி என்று நினைத்திருந்தேன்.

"வாணி...யம்...பாடி. பேருந்து... நிலையம்... எதிரில். காலை... பத்து... மணி... முதல். பிரதி..."

நின்றாள். காகிதத்தைச் சாய்த்துப் பார்த்தாள். நிமிர்த்திப் பார்த்தாள்.

"பிரதி இன்னா கண்ணு? இன்னா கெழமெ?" என்றார் நாட்டார்.

"தெரியல."

"நல்லா பாரு. வெள்ளியா? செவ்வாயா?"

"எண்ணெ பட்டுக்குது. தெரியல."

நாட்டாருக்கு அது போதவில்லை. நெற்றி சுருங்கிவிட்டது. பக்கத்திலிருந்த ஒருவர், "எதனா ஒண்ணு சொல்லேன் பாப்பா, நாட்டாரு கேக்குறாரு இல்ல" என்றார். இந்தக் கரையிலிருந்து அதிகாரி கையைக் குவித்து, "தோராயமாச் சொல்லும்மா!" என்று கத்தினார். கல்வித் துறையிலிருந்து வந்தவர் அவர். ஊரே அவளைப் பார்த்தது. அவள் உதடு கோணிவிட்டது, அழப்போகிறாள். ஒரு கிழமைதான். ஏழில் ஒன்றைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். படித்ததாகிவிடும். எனக்கே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'செவ்வாய்னு சொல்லித் தொலையேன்' என்று வாய்வரைக்கும் வந்தது.

"தெரியல" என்றாள் அவள். அழுதுகொண்டே சொன்னாள். "எனக்கு அது தெரியல."

அவள் அப்பா குனிந்து காகிதத்தை வாங்கினார். வெயிலுக்கு நேரே பிடித்தார். "இங்கியா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் அந்த எண்ணெய்க் கறையை நெடுநேரம் பார்த்தார். கட்டை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். பிறகு காகிதத்தை நாட்டாரிடம் கொடுத்துவிட்டு, இந்தக் கரையைப் பார்த்துப் பேசினார்.

"இந்த வார்த்தைய அன்னிக்கி பெரியவன் சொல்லியிருந்தா வேன புடிச்சிருப்போம் டீச்சர்."

சொல்லிவிட்டு மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"இவ இங்கியே இருக்கட்டுங்க" என்றார்.

திரும்பும்போது அதிகாரி ஜீப்பிலேயே தன் தாளைப் பூர்த்தி செய்தார். எட்டிப் பார்த்தேன். வாசிப்பில் தடை உள்ளது, சரளம் இல்லை, மேலும் பயிற்சி தேவை என்று எழுதியிருந்தார். "நடுவுல நின்னுட்டாளே மேடம், ரூல் அப்படி" என்றார். மலைப்பாதை, ஒரு பக்கம் பள்ளம், கோபப்பட நல்ல இடம் இல்லை. பாய் மட்டும், "போண்டா நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றார்.

காப்பு அவிழ்த்த மறுநாள் விடியலில் பாயின் ஜீப்பில் எல்லோருமாகத் திருப்பத்தூர் இறங்கினோம். எனக்கு விடுமுறை, வழியனுப்பிவிட்டு அவளைத் திரும்ப ஹாஸ்டலில் சேர்ப்பதாகப் பேச்சு. அவளுடைய அப்பா தலையில் மூட்டை, அம்மா கையில் பை. தம்பி அவள் இடுப்பில்தான் இருந்தான். ஜீப்பில் வந்த வழி முழுக்க அவனைக் கீழே விடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கண்டக்டர், "கிஷ்ணகிரி, கிஷ்ணகிரி, கிஷ்ணகிரி ஏறு!" என்று காது கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கூட்டம் முண்டியடித்து ஏறியது. நானும் "அதுதாங்க, ஏறுங்க" என்றேன். அவளுடைய அப்பா அசையவில்லை. பஸ்ஸுக்கு முன்பக்கமாக நடந்துபோய், போர்டுக்கு எதிரே நின்றார். மகளைப் பார்த்தார்.

"இன்னா போட்டுக்குது?"

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"கி...ருஷ்..." நின்றாள்.

"கிஷ்ணகிரி ஏறு!" என்றார் கண்டக்டர், நேராக இவர் காதில். "ஏம்பா, ஏறுறியா இல்லியா? வண்டி எடுக்கணும்!" இவருக்குக் காது கேட்டதாகவே தெரியவில்லை. தலையில் மூட்டையோடு, மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"...ண...கிரி" என்று முடித்தாள். "கிருஷ்ணகிரி, அப்பா."

"ம்" என்றார். வேறு யாரையும் கேட்கவில்லை. ஏறினார்.

அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவன் அக்காவின் சடையை விடவில்லை, விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. ஜன்னல் வழியே இரண்டு கைகளையும் இவளிடம் நீட்டி அலறினான். பஸ் நகர்ந்து, திரும்பி, மறைந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அவள் அழவில்லை. பஸ் போன திசையைப் பார்த்து, பழக்கத்தில் இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, அங்கே இல்லாத தம்பிக்கு ஒரு கையை அணையாக வைத்தபடியே நின்றாள். பாய் வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.